சரிவு வேண்டாம், வாட்டம் என்று வைப்போம்

வணக்கம். ஒரு பொருளின் அளவு இடத்துக்கு இடம் படிப்படியாக மாறுவதை உயிரியலில் கிரேடியண்ட் (gradient) என்கிறோமே, அதற்குத் தமிழில் "செறிவுச் சரிவு" என்று வைக்கலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். அகராதிப்படி சரி, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சரிவு என்றதும் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது ரப்பர் விலைச் சரிவுதான்: நேற்று மேலே இருந்தது, இன்று விழுந்துவிட்டது. பழ ஈயின் முட்டையில் நடப்பது அதுவல்ல. ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடுதல், தள்ளிப்போகப் போகக் குறைவு. அந்த வேறுபாடுதான் சேதியே.

பழ ஈயின் தலைப்பக்கம் எது என்று தீர்மானிக்கும் பைகாய்டு மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் செய்வதற்கான அதன் ஆர்.என்.ஏ.வைத் தாய் ஈ முட்டையின் முன்முனையில் வைத்துவிடுகிறது. முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கருக்கள் மட்டும் பெருகும், இடையில் செல் சவ்வு கிடையாது, அதனால் முன்முனையில் உண்டாகும் புரதம் பின்பக்கமாகப் பரவிக்கொண்டே சிதைந்தும் போகிறது. ஒவ்வோர் உட்கருவும் தன்னிடம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஹன்ச்பேக் போன்ற மரபணுக்களை இயக்குகிறது. 1988இல் டிரீவர், நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டு என்ற ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: தாயிடம் பைகாய்டு மரபணுவின் நகல்கள் கூடினால் தலையை ஒட்டி விழும் மடிப்பு பின்னால் தள்ளிப்போகிறது. பைகாய்டே இல்லையென்றால் தலையும் இல்லை, மார்பும் இல்லை, முன்பக்கத்திலும் வால்நுனி!

என் சொல் வாட்டம். குளியலறைத் தரைக்குக் கொத்தனார் வாட்டம் விடுவாரே, பார்வைக்குத் தரை சமமாகத்தான் இருக்கும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தண்ணீருக்குத் தெரியும். முகவாட்டம், பயிர் வாட்டத்தோடு குழம்பும் என்று யாராவது சொல்லலாம்; "புரத வாட்டம்", "செறிவு வாட்டம்" என்று சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது. மலாயில் "கெச்செருனான்" என்ற ஒரே சொல் கணக்கிலும் உயிரியலிலும் ஓடுகிறது, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

அப்புறம் டார்சல், முதுகு எது வயிறு எது என்று தீர்மானிக்கும் புரதம். "வாட்டம்" என்பதற்கு முன்னால் "செறிவு" சேர்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். டார்சல் புரதம் முட்டை முழுக்க ஏறக்குறைய சமமாகவே இருக்கிறது. வயிற்றுப்பக்கம் டோல் ஏற்பி தூண்டப்பட்டு, டார்சலைப் பிடித்துவைத்திருக்கும் கேக்டஸ் புரதம் சிதைந்து பிடியை விட்டதும் டார்சல் உட்கருவுக்குள் நுழைகிறது. முதுகுப்பக்கம் வெளியிலேயே நிற்கிறது. இதை "உட்கரு நுழைவு வாட்டம்" என்று எழுதிவிடலாம்.

சரிவே போதும் என்பவர்கள் முதுகு–வயிறு அச்சு பற்றி ஒரு பத்தியை அந்தச் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள், படித்துவிட்டுப் பேசுவோம்.