புதுப்பிப்பு: நந்தி மலை ஒயினும் சேலத்துத் தட்டுவடை செட்டும்

இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தரும் நம் சேலத்துத் தட்டுவடை செட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். சிவப்பு ஒயின் என்றே பலரும் சொன்னீர்கள். பிப்ரவரி அறுவடையின்போது, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கமுள்ள ஓர் ஒயின் ஆலைக்குப் போய்வந்தோம். வெப்பமண்டலத்தில் திராட்சைக்கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது என்பதால், ஏப்ரல் வாக்கில் ஒருமுறையும் மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறையும் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்து, ஆண்டுக்கு ஒரே விளைச்சலை எடுக்கிறார்கள்.

ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன தட்டுவடை, பீட்ரூட் கேரட் துருவல், சட்னிகள் ஆகியவற்றை விடுதி அறையில் பரப்பிச் சுவைத்தபோது, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினின் துவர்ப்பு பூண்டு மிளகாய்ச் சட்னியின் எரிச்சலை இன்னும் கூட்டியது. உங்கள் கணிப்பு, மன்னிக்கவும், தவறு. இலேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் குடித்தபோதுதான் காரம் அடங்கி, பீட்ரூட்டின் மண்வாசனை மேலெழுந்தது. மாங்காய்த் துருவல் சேர்த்த செட்டுக்கு மட்டும் இரண்டுமே ஒத்துவரவில்லை.