“புரிஞ்சுதா?” என்றால் தலையாட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய் வேறு செய்கிறார்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வார்டு செவிலியர், வடசென்னை:

டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால் “இல்லை” என்று சொன்ன நோயாளியை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த இழை. எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர். சுகர் முந்நூறுக்குக் கீழே வரவில்லை என்று ஓ.பி.யில் இன்சுலினை ஏற்றிக்கொண்டே போய், காலையில் 30 யூனிட்டில் நின்றிருந்தது. கால் புண்ணுக்காக எங்கள் வார்டில் சேர்ந்தார். சீட்டில் இருந்தபடி நாங்களும் 30 போட்டோம். பதினோரு மணிவாக்கில் வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. மீட்டரில் 52. நல்ல நினைவோடு இருந்தார், விழுங்கவும் முடிந்தது. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம், 84. (நினைவு தப்பியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். வீட்டாரிடம் இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.)

வீட்டில் 30 போட்டும் இறங்காத சுகர் இங்கே மட்டும் ஏன் இப்படிச் சரிந்தது? மகளிடம் வீட்டு சிரிஞ்சை எடுத்துவரச் சொன்னேன். ஆரஞ்சு மூடி! ஜி.ஹெச்.சில் கொடுக்கும் பாட்டில் 40 ஐ.யூ., அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 ஐ.யூ. மருந்துக்கானது. அதில் 30 கோடு வரை இழுத்தால் வருவது 0.3 மில்லி, நம் பாட்டிலின் கணக்கில் வெறும் 12 யூனிட். பக்கத்து மெடிக்கலில் சிவப்பு இல்லையென்று இதைக் கொடுத்திருக்கிறார்கள். ஓ.பி.யில் கேட்டபோதெல்லாம் அந்த அம்மா “முப்பது போடறேன்” என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். போட்டுக் காட்டச் சொல்லித்தான் யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் “பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டு வாங்க, என் எதிரில் இழுத்துக் காட்டுங்க” என்பதுதான் என் முதல் பேச்சு. என்னென்னவோ தெரியவருகிறது. கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டாமல் டானிக் பாட்டில் மாதிரி குலுக்குகிறவர்கள் உண்டு. வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி தட்டிப்போனவர்கள் உண்டு. அந்தக் கட்டியில் போட்டால் மருந்து ஒழுங்காக இறங்காது. மே மாத வெயிலுக்குப் பயந்து ஃப்ரீசரில் வைத்தவரும் உண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்பானையை இறக்கி, பாட்டிலை நனையாமல் உள்ளே வைக்கச் சொல்கிறேன்.

படிக்க வந்தவர், பெரம்பூர்:

அக்கா, ஒரு சந்தேகம். இதுவே தலைகீழாக நடந்தால்? பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் பென்னில் போடும் 100 ஐ.யூ. மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால்?

வார்டு செவிலியர், வடசென்னை:

அது உயிருக்கே ஆபத்து. 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட் உள்ளே போகும். பென் ரிப்பேர் ஆனால் அந்த மருந்தைச் சிரிஞ்சில் இழுக்கவே கூடாது. வேறு பென் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து மனக்கணக்கு போடுகிற வேலையே வேண்டாம்.

ஓ.பி. சிஸ்டர், ராயபுரம்:

எங்களுக்கு மூச்சிரைப்புக்காரர்கள் அதிகம். காசிமேட்டு அண்ணன் ஒருவர், “சிஸ்டர், நீங்க குடுத்த மருந்து கேக்கவே இல்ல” என்று வந்தார். “எப்படிண்ணா எடுக்கிறீங்க?” என்றேன். “காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு, தண்ணி ஊத்தி முழுங்கிடறேன்.” கருவியில் போட்டு மூச்சோடு பொடியை இழுக்கக் கொடுத்த கேப்ஸ்யூல்! கருவி பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் பையில் இருந்தது. கேப்ஸ்யூலைக் கண்டால் முழுங்கத்தான் தோன்றும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்னொன்று. பொடிக் கருவி என்றால் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், உள்ளே கேப்ஸ்யூல் கடகடவென்று சுழல்கிற சத்தம் கேட்க வேண்டும். அழுத்தி அடிக்கிற பஃப் என்றால் மெதுவாக, நீளமாக. இரண்டிலும் 10 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தானால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படரும். டாக்டர் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றியிருப்பார், நோயாளி பழைய பழக்கத்திலேயே இழுத்துக்கொண்டிருப்பார்.

நோயாளியின் மகன், பல்லாவரம்:

நான் நர்ஸ் இல்லை, மன்னிக்கவும். ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பாவுக்கு அடிக்கடி தலைசுற்றல், ஒரு நாள் பாத்ரூமில் விழுந்தும்விட்டார். ரிவியூவுக்குப் போன இடத்தில் ஒரு சிஸ்டர், “வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டு வாங்க” என்றார். பழைய டாக்டர் எழுதியது, புது ஆஸ்பத்திரி எழுதியது எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்து, அட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தார். இரண்டு அட்டைகளில் பிராண்டு வேறு, உள்ளே ஒரே டெல்மிசார்ட்டன். அப்பா பிரஷருக்கு டபுள் டோஸ் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேர் பட்டதாரிகள், ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், கண்ணகி நகர்:

2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் வந்தபோது, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். போன மாத அட்டை அலமாரியில் பிரிக்காமல் இருக்கும். “பிரஷர் நார்மல் ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு?” மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது. சிலர் கால் வீங்குகிறது, கிட்னி போய்விட்டது என்று பயந்து நிறுத்தியிருப்பார்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் கணுக்கால் வீங்குவது உண்டு. ஆனால் எந்த வீக்கம் எதனால் என்று நாம் முடிவு செய்யக் கூடாது. டாக்டர்தான் பார்த்து மாத்திரையை மாற்றித் தருவார். அதுவரை தாமாக நிறுத்த வேண்டாம் என்பேன்.

மூன்று மாடி ஏறி வந்தவருக்கு உடனே பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கால் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். உப்பு விஷயத்தில் “குறைச்சுக்கோங்க” என்றால் ஒன்றும் நடக்காது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். “கருவாடா, அப்பளமா, ஊறுகாயா, எதை விடுவீங்க?” என்று பேரம் பேசினால் ஏதாவது ஒன்று நடக்கிறது.

ஸ்டாஃப் நர்ஸ், கிண்டி:

எல்லாம் சரி. ஒரு ஷிஃப்டில் நாற்பது பெட்டைப் பார்க்கிறவளுக்கு ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் செய்து காட்டச் சொல்ல நேரம் எங்கே?

வார்டு செவிலியர், வடசென்னை:

நியாயமான கேள்வி, ஆள் பற்றாக்குறைக்கு என்னிடம் மருந்து இல்லை. கடைசி நாளில் மொத்தமாகச் செய்யாமல் முதல் நாளிலிருந்தே ஒவ்வொன்றாகச் செய்கிறேன். காலை டோஸை மகளே இழுக்கட்டும், நான் பக்கத்தில் நிற்பேன். எப்படியும் அந்த ஊசியை நான்தான் போடப் போகிறேன், நேரம் ஒன்றும் கூடுவதில்லை. ஐ.வி. கழற்றும்போது, “வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு அக்காவிடம் என்ன சொல்வீங்க, எனக்கும் சொல்லுங்க” என்பேன். எது விட்டுப்போயிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பரீட்சை வைக்கிற தொனியில் மட்டும் கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், தாம்பரம்:

காசநோய்ப் பக்கத்தில் வேலை பார்த்தவள் நான். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வைப் படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் (காசநோய் ஆஸ்பத்திரியில்) வைத்தும், மறுபாதியை நெருக்கடியான வீடுகளிலேயே விட்டும் வைத்தியம் செய்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டு மனிதர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகமே சானடோரியத்தை விட்டு வீட்டு வைத்தியத்துக்குத் திரும்பியதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அதன்பின் மாத்திரை ஒழுங்காக வயிற்றுக்குள் போகிறதா என்பதே நம் கவலை ஆகிவிட்டது.

இப்போது வழக்கமான வைத்தியம் 6 மாதம். மாத்திரையை நிறுத்தியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு மருந்தான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று மிரண்டுவிடுவார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால், பார்வை மங்கினால் அன்றே வரச் சொல்லுங்கள்.

கல்யாணமான பெண்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். அதே ரிஃபாம்பிசின் கர்ப்பத்தடை மாத்திரையை வேலை செய்யவிடாது, வேறு முறைக்கு மாற வேண்டும். இதை மாமியார் எதிரில் கேட்டால் “அதெல்லாம் இல்ல சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். ரிப்போர்ட் வாங்கி வரச் சொல்லி அந்த அம்மாளைக் கீழே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.