பிஎம்டபிள்யூ 320ஐ-யை எடுப்பதா, பென்ஸ் சி200-ஐ எடுப்பதா? அப்பா வேறு பின்சீட்டில் உட்கார வேண்டும்

சிம்பாங்அம்பாட் சேகர் எழுதியது:

வணக்கம். இங்கே நாலு வருஷமாகப் படிக்க மட்டும் செய்கிறேன். கேள்வி கேட்பது இதுதான் முதல் முறை.

வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில். தினமும் இரண்டாவது பாலத்தில் போய்வருகிறேன். பதினோரு வருஷமாக ஒரே ஹோண்டா சிட்டி. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, காரும் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இந்த வருஷம் ஒரு பென்ஸோ பிஎம்டபிள்யூவோ எடுத்தே தீருவது என்று முடிவு. காரணம் அப்பா.

அப்பா எண்பதுகளில் பட்டர்வொர்த்தில் ஒரு அரிசி ஆலைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், டிரைவர். வண்டி மெர்சிடிஸ் டபிள்யூ123, கிரீம் நிறம். ஒன்பது வருஷம் ஓட்டினார். காலையில் ஐந்தரைக்கே போய்க் கழுவி, சக்கர மூடியைத் துணியால் தேய்த்து, தவுக்கே இறங்கி வருவதற்குள் பின்கதவைத் திறந்து வைத்திருப்பார். அந்தக் கதவு மூடும்போது வரும் 'டப்' சத்தத்தை இன்றைக்கும் வாயாலேயே செய்து காட்டுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடப் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை. நான் சொல்லாமலே புரிந்திருக்கும், அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு தடவை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரமாக விலைப்பட்டியலும் கையேடும் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். 320ஐ-யில் 2 லிட்டர் எஞ்சின், 184 குதிரைச் சக்தி. சி200-இல் 1.5 லிட்டர்தான், ஆனால் 204. இழுவைத் திறன் (டார்க்) இரண்டிலும் 300 நியூட்டன் மீட்டர். ஒரு படி மேலே போனால், 2019-இல் வந்த 330ஐ 258 குதிரைச் சக்தி, 400 நியூட்டன் மீட்டர். 2022-இல் வந்த சி300-உம் அச்சு அசலாக அதே 258, அதே 400! பேசி வைத்துக்கொண்டு போட்டார்களா? 330 என்றால் 3 லிட்டர் என்று நினைத்திருந்தேன், அதுவும் 2 லிட்டராம். அப்புறம் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு என்னதான் அர்த்தம்?

விலையை இவர்கள் எதை வைத்துப் போடுகிறார்கள்? எஞ்சினுக்கா, பெயருக்கா? புதுசு எடுக்கலாமா, நாலு வருஷப் பழசா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

பழைய சாவி எழுதியது:

தம்பி சேகர், நான் 14 வருஷம் கார் விற்றவன். நீங்கள் சொல்லும் இரண்டு பிராண்டையும் விற்றிருக்கிறேன், எந்த ஷோரூம் என்பது வேண்டாம். இப்போது ஓய்வு, ஜாவி பக்கம் நாலு மாட்டோடு இருக்கிறேன். அதனால் உண்மையைச் சொல்லலாம்.

நம் மலேசியாவில் சொகுசுக் கார் விலை தொடங்கும் இடம் ஜெர்மனி இல்லை, வரி. ஜெர்மனியிலிருந்து முழுக் காராகக் கப்பலில் வந்தால் இறக்குமதி வரி 30 விழுக்காடு. அதன் மேல் கலால் வரி, காருக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப 60-லிருந்து 105 விழுக்காடு வரை. அதன் மேல் விற்பனை வரி 10. அதனால்தான் எல்லாரும் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுகிறார்கள். பென்ஸ் பகாங் பெக்கானில், பிஎம்டபிள்யூ உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் கூலிமில், வால்வோ 1967-இலிருந்தே ஷா ஆலமில். போர்ஷேகூட 2022-இல் கயென் காரைக் கூலிமில் பூட்ட ஆரம்பித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அவர்கள் பூட்டிய முதல் இடமே அதுதான். இது எதற்கு என்று கேட்டால், நீங்கள் சொன்ன 330ஐ-யையே பாருங்கள். 2019 ஏப்ரலில் முழுக் காராக வந்தபோது 3 லட்சத்து 28 ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). அதே வருஷம் கூலிமில் பூட்டியது வந்ததும் 2 லட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம். 40,000 வெள்ளி காணாமல் போனது! முதலில் வாங்கிய என் வாடிக்கையாளர் ஒருவர் எனக்குப் போன் போட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது சாலை வரி. அது சிசி, அதாவது எஞ்சின் கொள்ளளவுக் கணக்கு. 1,400-க்கு மேல் 1,600 வரை வருஷத்துக்கு 90 வெள்ளி. சி200-இன் எஞ்சின் 1,496 சிசி, நம் ஊர்ச் சின்னக் கார் பெரோடுவா மைவி 1.5-உம் 1,496 சிசி. ஆக பென்ஸுக்கும் மைவிக்கும் ஒரே 90 வெள்ளி! 320ஐ, 330ஐ இரண்டும் 1,998 சிசி, அதற்கு 379. இதுவே பழைய காலத்து 3 லிட்டர் ஆறு சிலிண்டராக இருந்தால் 2,000-க்கு மேல் போய்விடும். 2,000 சிசி தாண்டினால் கையைச் சுடும் என்பது நம் ஊரில் மட்டும் இல்லை, சீனாவில், இன்னும் பல நாடுகளில் இப்படிப் படிப்படியாக வரி இருக்கிறது. ஐரோப்பாவில் புகையின் அளவை வைத்தும் கணக்குப் போடுகிறார்கள். எல்லாரும் ஒரே வேலிக்குள் மாடு வளர்த்தால் எல்லார் மாடும் ஒரே அளவில்தான் வளரும். 258-உம் 400-உம் ஒன்றாக வந்தது அப்படித்தான். பேசி வைக்கவில்லை, ஒருவர் அறிவிப்பை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பின்னால் உள்ள எண் இப்போது வெறும் படிக்கட்டு எண். 20-க்கு மேல் 30, 200-க்கு மேல் 300, அவ்வளவுதான். முன்பும் சுத்தம் என்று சொல்ல முடியாது. பென்ஸின் பழைய சி63-இல் இருந்தது 6,208 சிசி. 62 என்று போட்டிருக்க வேண்டும். ஆனால் அறுபதுகளின் 300 எஸ்இஎல் 6.3 காரின் பெயருக்காக 63 என்று ஒட்டினார்கள். பெயர் முந்தியது, எஞ்சின் பின்னால் வந்தது.

இப்போது நாங்கள் விற்ற விதம். ஒரு காரைக் கேட்டு வந்தவரை விலை கூடிய காருக்கு ஏற்றுவது எப்படித் தெரியுமா? மொத்த விலையைப் பேசவே மாட்டோம். 10,000 வெள்ளி கூட என்றால் ஒன்பது வருஷக் கடனில், 90 விழுக்காடு கடன், வட்டி 2.5 என்று வைத்தால், மாதம் 102 வெள்ளிதான். "சார், மாசம் நூறு வெள்ளி, ரெண்டு தடவை குடும்பத்தோட நாசி கண்டார் சாப்பிடற காசு" என்று சொல்வோம். அவ்வளவுதான், அடுத்த படிக்கு ஏறிவிடுவார். பென்ஸ் விலை பல வருஷம் 888 என்றுதான் முடிந்தது, பிஎம்டபிள்யூ 800. எட்டு சீனர்களுக்கு ராசியான எண் என்று பினாங்குக்காரனுக்கு விளக்க வேண்டாம்.

நீங்கள் ஷோரூமுக்குப் போனால் மாதத் தவணைத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "ஒன்பது வருஷத்தில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பையன் முகம் மாறும். பாவம், திட்டாதீர்கள்.

பட்டறை செல்வா எழுதியது:

பழைய சாவி அண்ணன் விற்றுவிட்டுப் போவார், அப்புறம் என்னிடம்தான் வரும் :)

பிறையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், ஐரோப்பியக் கார் மட்டும். பாஸ் சேகர், புதுசு எடுக்கிறீர்கள் என்றால் வாரண்டி முடியும்வரை என் பேச்சு தேவையில்லை. நாலு வருஷப் பழசு என்றால் கொஞ்சம் கேளுங்கள்.

இரண்டு காருமே ஓட்ட நல்லது. 320ஐ வளைவில் ஒட்டிக்கொண்டு போகும், பென்ஸ் மிதந்துகொண்டு போகும். அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். பிஎம்டபிள்யூவில் ரன்-ஃப்ளாட் டயர் போட்டிருந்தால் பின்பெட்டியில் ஸ்பேர் டயர் இருக்காது. பங்க்சர் ஆனாலும் மெதுவாக வீடு வரும், ஆனால் மாற்றும் நாளில் டயர் விலை கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். நம் பாலத்துச் சந்திப்பில் தட்டும்போது இடுப்பிலும் தெரியும்.

மலிவாக இருக்கிறதே என்று பழைய பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோலோடு, சார்ஜ் போடும் பேட்டரியிலும் ஓடும் கார்) பக்கம் போகாதீர்கள். பத்து வருஷத்துக்கு முன் வரிச்சலுகையில் புதுசாகவே மலிவாக விற்றார்கள், அதனால் ஊரெல்லாம் வாங்கியது. இப்போது செகண்ட் ஹேண்டில் கிடக்கிறது. போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்தான், எந்தக் கார் என்று சொல்ல மாட்டேன். நல்ல நீலம், உள்ளே தோல் சீட் பளபளப்பு. மைவி விலைக்கு வாங்கியிருக்கிறான். மீட்டரில் சிவப்பாகப் பெரிய பேட்டரி எச்சரிக்கை. புதுப் பேட்டரிக்கு விலை கேட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணே, லைட்டை மட்டும் அணைக்க முடியுமா, வித்துடறேன்" என்றான். முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

பெட்ரோலுக்கு எங்கும் ஆலோசனை கேட்க வேண்டாம். டேங்க் மூடியின் உள்பக்கத்தில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள்.

மாலா செந்தூல் எழுதியது:

கோலாலம்பூரிலிருந்து ஒரு குரல். சேகர் அண்ணா, உங்கள் அப்பா கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கௌரவம் என்பது இடம் மாறிக்கொண்டே இருக்கும் சாமான். 1989-இல் டொயோட்டா லெக்சஸ் எல்எஸ்400-ஐக் கொண்டுவந்தபோது அமெரிக்காவில் விலை சுமார் 35,000 டாலர், பெரிய பென்ஸை விட எவ்வளவோ கம்மி. விளம்பரத்தில் போனட் மேல் ஷாம்பெயின் கிளாஸை அடுக்கி, எஞ்சினை முடுக்கிக் காட்டினார்கள், ஒரு கிளாஸும் விழவில்லை. பென்ஸ்காரர்கள் அன்று தூங்கியிருக்க மாட்டார்கள். இங்கே 2023 ஜூலையில் டெஸ்லா மாடல் ஒய் 1,99,000 வெள்ளி என்று வந்தபோது என் ஆபீஸ் கார் பார்க்கிலும் அதே கதை. முன்பு பென்ஸின் மூன்று முனை நட்சத்திரத்தைப் பார்த்தால் வழிவிட்ட காவலாளி இப்போது டெஸ்லாவைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்.

பென்ஸே தன் சி63-இல் எட்டு சிலிண்டர் வி8-ஐ எடுத்துவிட்டு 2022-இல் 2 லிட்டர் நாலு சிலிண்டரோடு மின்மோட்டார் சேர்த்து 680 குதிரைச் சக்தி கொடுத்தது. எண்ணில் பழையதை விட மேல். ஆனால் அந்த உறுமலுக்காக வாங்கிய கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆக எஞ்சினும் பாதி கௌரவம்தான்.

பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட்டைச் சூடாக்க மாதச் சந்தா கேட்டதை மறக்க முடியுமா? மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்திய காரில் ஏறிப் பாருங்கள், நமக்கு அது ஓசி.

பழைய சாவி எழுதியது:

மாலா சொன்னது சரி. சேகர், ஒன்று விட்டுவிட்டேன். அப்பா பின்சீட்டுக்குத்தான் என்றால் 330எல்ஐ என்று ஒன்று இருக்கிறது, 2021-இல் இங்கே வந்தது. சாதாரண 3 சீரிஸை விட இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 110 மில்லிமீட்டர் நீளம். முழுவதும் பின்சீட்டுக்காருக்குத்தான். அதே 1,998 சிசி, அதே 379 வெள்ளி. பழசாகக் கிடைத்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள். சர்வீஸ் புத்தகத்தைக் கையில் வாங்காமல் ஒரு வெள்ளி முன்பணம் தராதீர்கள்.

சிம்பாங்அம்பாட் சேகர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தவணைத் தாளைத் திருப்பி வைத்தேன் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே முகம் மாறியது.

நேற்று பட்டர்வொர்த் பக்கம் 330எல்ஐ ஒன்று பார்த்தோம். வெள்ளை, 41,000 கிலோமீட்டர். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முதலில் கதவை நாலு தடவை திறந்து மூடினார். "பரவாயில்லை" என்றார். போனட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரே பிளாஸ்டிக் மூடி. "எஞ்சின் எங்கப்பா?" என்று விற்கிற பையனைக் கேட்டார். அவன் மூடியைத் தட்டிக் காட்டினான்.

அப்புறம் பின்சீட். கால் நீட்ட அவ்வளவு இடம், நான் எதிர்பார்க்கவே இல்லை. பாலம்வரை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும், கண்ணாடியில் பார்த்தால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைப் பிடித்திருக்கிறார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றுமாம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானாம். ஐம்பது வருஷமாகப் பஸ்ஸில்கூட முன்னால்தான் உட்காருவாராம். எனக்கு இது இத்தனை நாள் தெரியாது.

திரும்பி வரும்போது முன்சீட்டில் உட்கார்ந்து, நான் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே வந்தார். ஆக 110 மில்லிமீட்டரும் வீண். ஞாயிற்றுக்கிழமை சி200 பார்க்கப் போகிறோம். செல்வா அண்ணே, பழைய டபிள்யூ123 ஒன்று நல்ல நிலையில் இருந்தால் என்ன விலை வரும்? சும்மா கேட்கிறேன்.