‘செட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்?

கேள்வி (பெரம்பூர் வாசகி):
அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், சூரியன் மறைவதற்கும், கேள்வித்தாள் தயாரிப்பதற்கும், அலாரம் வைப்பதற்கும், ஜெல்லி உறைவதற்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற ஒரே வினை வருவதைக் கண்டு, இவற்றையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்கிறாள். “இந்த வேலை எனக்கு செட் ஆகாது” என்பதை ஆங்கிலத்திலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். அது சரியா?

பதில் (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மயிலாப்பூர்):
அம்மா, மனப்பாடம் செய்து தீராது. 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். அதில் சுமார் 430 பொருள்கள் உள்ளன. ஆனால் வேரைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை தாமே விளங்கும். ‘சிட்’ என்பது தன்வினை, ‘செட்’ அதன் பிறவினை. தமிழில் ‘அமர்’, ‘அமர்த்து’ என்றும், ‘இரு’, ‘இருத்து’ என்றும் நாம் சொல்வதைப் போன்றது. மோதிரத்தில் கல்லைப் பதிப்பதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதும், கோழியை அடைக்கு வைப்பதும், அலாரத்தில் மணியைக் குறிப்பதும், ஒரு பொருளை அது இருக்கவேண்டிய இடத்தில் இருத்தும் செயல்களே அல்லவா? நாளடைவில் இந்தப் பிறவினை தன்வினையாகவும் வழங்கத் தொடங்கியதால், சூரியன் தானே சென்று அமர்கிறது. நாமும் ‘பொழுது அடைந்தது’ என்கிறோம். அந்த ஒற்றுமை எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

‘செட் ஆகாது’ என்பது நம் ஊர் வழக்கு. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘சூட்’ என்ற வினைதான் வரவேண்டும்.

பதில் (கட்டுமானப் பொறியாளர், அண்ணா நகர்):
எங்கள் தொழிலிலும் இச்சொல் நாள்தோறும் புழங்குகிறது. சிமென்ட் ‘செட்’ ஆவது வேறு, வலுப்பெறுவது வேறு. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடங்களுக்கு முன்பாக இறுகத் தொடங்கக்கூடாது, 600 நிமிடங்களுக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதி. முழு வலிமை வருவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். குழம்பாக இருந்தது அசையாமல் ஓரிடத்தில் அமர்ந்துவிடுவதையே நாங்கள் அப்படிச் சொல்கிறோம் என்பது ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது.

பதில் (கோடம்பாக்கம் வாசகர்):
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தொகுதி என்று பொருள்படும் பெயர்ச்சொல் வேறு வழியில் வந்தது. ‘ஒரு கூட்டத்தார்’ என்ற பொருளில் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பின்னர் வினைச்சொல்லின் சாயலையும் ஏற்றுக்கொண்டது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ‘கணம்’ என்று படிப்பதும், உணவகத்தில் கேட்கும் செட் தோசையும் இந்த வழியைச் சேர்ந்தவை. எங்கள் பகுதியில் படப்பிடிப்புக்காகப் போடும் ‘செட்’டோ, நிறுத்தி அமைப்பது என்ற வினையிலிருந்து பிறந்தது.

பெரம்பூர் வாசகி:
மிக்க நன்றி. ‘அமர்’, ‘அமர்த்து’ என்று மகளிடம் சொன்னவுடன், அப்படியானால் ‘லை’, ‘லே’ இரண்டும் ‘படு’, ‘படுத்து’ தானே என்று அவளே கேட்டுவிட்டாள்.