மறு: ‘காம்பியோ செக்கோ’வுக்குத் தமிழ்

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

பொருளாதார வரலாற்றாசிரியர் ரேமோன் டி ரூவர் பற்றிய கட்டுரைக்காக, ‘காம்பியோ செக்கோ’ என்ற பழைய இத்தாலிய வணிகச் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் தந்த ‘உலர் செலாவணி’யும், இன்னொரு நண்பர் தந்த ‘போலி மாற்று’ம் எனக்கு ஒப்பவில்லை. சொல்லைத் தேடும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம். டி ரூவரும் அப்படித்தான் செய்தார். 1904இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்து அங்கே கணக்கராக வேலை பார்த்தவர். இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி வங்கியின் (1397–1494) கணக்கேடுகளைப் பிரித்தபோது பற்றும் வரவும் அவரோடு பேசின.

திருச்சபை வட்டியைத் தடுத்திருந்த காலம் அது. அதனால் வங்கியர் கடன் கொடுப்பதற்குப் பதிலாக மாற்றுச்சீட்டு வாங்கினார்கள். வெனிஸில் ஒருவரிடம் 1,000 டூக்கட் (வெனிஸின் பொற்காசு) கொடுத்துச் சீட்டு வாங்கினால், மூன்று மாதத் தவணையில் லண்டனில் ஸ்டெர்லிங்காகக் கிடைக்கும். வெனிஸ் விலை டூக்கட்டுக்கு 47 பென்ஸ், லண்டன் விலை 44 என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 47,000 பென்ஸ். அதை இன்னொரு சீட்டாகத் திருப்பி அனுப்பினால் வெனிஸில் 1,068 டூக்கட். ஆறு மாதத்தில் 68 கூடிவிட்டது. ஏட்டிலோ ‘மாற்றில் லாப நட்டம்’ என்றுதான் இருக்கும். இரண்டு ஊர் விலைக்கும் இடையே வட்டி ஒளிந்திருந்ததை எடுத்துக் காட்டியதுதான் டி ரூவரின் பெரிய பங்களிப்பு என்பேன்.

காம்பியோ செக்கோவில் பணம் வாங்கியவருக்கு லண்டனில் சரக்கும் இல்லை, வரவேண்டிய தொகையும் இல்லை. சீட்டு அங்கே போய், பணமாகாமல் மறுமாற்றாகத் திரும்பும். வெனிஸிலேயே கணக்குத் தீரும். ஆனால் விலை சந்தை விலைதான், முன்கூட்டித் தெரியாது, நட்டமும் வரலாம். அதனால்தான் ‘போலி’ வேண்டாம் என்கிறேன். சீட்டே அனுப்பாமல் ஏட்டில் மட்டும் எழுதிக்கொண்ட வகை ஒன்று தனியாக உண்டு. ‘போலி மாற்று’ என்ற பெயரை அதற்கு வைத்துக்கொள்வோம்.

‘செக்கோ’ என்றால் உலர்ந்தது. 1571இல் போப் ஐந்தாம் பயஸ் இந்த வகை மாற்றுக்கு விதித்த தடையாணையின் லத்தீனிலும் அதே பொருள்தான். ஆனால் தமிழில் ‘உலர்’ என்றதும் உலர் திராட்சை நினைவுக்கு வருகிறது. பக்குவமாகக் காயவைத்த பொருள். நமக்கு வேண்டியது, வர வேண்டியது வராத வறட்சி. சளி வராவிட்டால் வறட்டு இருமல் என்கிறோம், பால் கறக்காவிட்டால் வறட்டு மாடு என்கிறோம். சரக்கு நகராத மாற்றுக்கும் அந்த ‘வறட்டு’ அப்படியே பொருந்துகிறது.

தனியாக ‘மாற்று’ என்றால் மாற்று மருத்துவமும் பத்தரை மாற்றுத் தங்கமும் குறுக்கே வரும். ‘வறட்டு உண்டியல்’ என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். உண்டியல் என்பது மாற்றுச்சீட்டுக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஆண்ட சொல், இலங்கையில் மாற்றுண்டியல் என்றும் வழங்குகிறது. ஆனால் இங்கே சீட்டில் குறையில்லை, பரிவர்த்தனையில்தான் குறை. ஆகவே என் பரிந்துரை: வறட்டு நாணயமாற்று.

டி ரூவரின் மனைவி புளோரன்ஸ் எட்லர் 1934இலேயே, திருமணத்துக்கு முன்பே, இத்தாலிய வணிகச் சொற்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டார். 1200 முதல் 1600 வரையான ஏடுகளில் வணிகர்கள் ஆண்ட சொற்கள் அதில் உள்ளன. கணவர் மெடிச்சி வங்கியின் பெரிய வரலாற்றை வெளியிட்டது 1963இல். அந்த அம்மையாருக்கும் தனிக் கட்டுரை வேண்டும், நான் தொடங்குகிறேன்.

‘வறட்டு’ கொச்சையாக ஒலிக்கிறதென்று யாருக்காவது தோன்றினால் ‘வறள்’ என்று திருத்தலாம். எனக்கு ‘வறட்டு’தான் பிடித்திருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் ஐயா.