அம்மாவுக்கு 80 (குடும்பக் குழு)

செந்தில்: அண்ணே, விழாவ 18ஆம் தேதி காலைல வைக்கணுமா? தர்ஷினிக்கு அன்னைக்கு டென்னிஸ் மேட்ச்

சண்முகம்: மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு

சண்முகம்: அவளுக்குத்தான் கை வலின்னீங்களே. பின்ன என்ன மேட்ச்

கவிதா: மணிக்கட்டு அத்தான். கொஞ்ச நாளைக்கு சிங்கிள்ஸ் வேண்டாம்னு கோச் சொல்லிட்டார். டபுள்ஸ் மட்டும் ஆடுறா

சண்முகம்: டபுள்ஸ்தானே. பாதி ஆட்டம். கூட ஆடுற பிள்ள பாத்துக்கிடும்

கார்த்தி: பெரிய மாமா 😂😂

மல்லிகா: ஆரம்பிச்சாச்சு

முருகேசன்: அண்ணே, பாதி ஆட்டம்னு சொல்றது சரியில்ல. விளக்கமா போடுறேன், நடுவுல யாரும் எழுதாதீங்க. சானியா மிர்சாவ எடுத்துக்கோங்க. 2005 ஆஸ்திரேலிய ஓபன்ல வைல்டு கார்டுல (தகுதிச் சுத்து ஆடாம போட்டி நடத்துறவங்க நேரா குடுக்குற எடம்) உள்ள போய் மூணாவது ரவுண்டு வரைக்கும் வந்துச்சு. அங்க செரீனாகிட்ட 1-6, 4-6ன்னு தோத்துச்சு. அடுத்த மாசமே ஹைதராபாத்ல, சொந்த ஊர்லயே, டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) சிங்கிள்ஸ் பட்டம். நம்ம நாட்டுப் பொண்ணு ஒண்ணு அத வாங்குனது அதான் முதல் தடவ. அதே வருசம் அமெரிக்க ஓபன்ல நாலாவது ரவுண்டு, ஷரபோவாகிட்ட தோத்துச்சு. 2007ல உலக ரேங்க் 27. இவ்வளவும் சிங்கிள்ஸ். விஷயம் இனிமேத்தான்

சண்முகம்: சமையல்காரர் எத்தன இலைன்னு கேக்கார்

மல்லிகா: 150 போதும்

கவிதா: போன தடவ 150ன்னு சொல்லித்தான் மதினி கடைசிப் பந்திக்கு சாம்பார் இல்லாமப் போச்சு

மல்லிகா: அது நான் சொன்ன கணக்கு இல்ல. யார் சொன்னதுன்னு எல்லாருக்கும் தெரியும்

முருகேசன்: நடுவுல எழுதாதீங்கன்னேன். அந்தப் பிள்ளையோட ஃபோர்ஹேண்ட் பாத்திருக்கீங்களா? வேகமெல்லாம் மணிக்கட்டச் சொடுக்குறதுல வர்றது. அந்த மணிக்கட்டுதான் போச்சு. 2008ல ஆபரேஷன். தலை சீவக்கூட முடியாம இருந்த காலம் உண்டுன்னு அதுவே பேட்டியில சொல்லிருக்கு. முட்டியிலயும் ஆபரேஷன். கடைசில 2013ல சிங்கிள்ஸயே விட்டுட்டு. ஒடம்பு ஒத்துழைக்கல, அவ்வளவுதான்

சண்முகம்: அப்படி விட்டதுதான் விம்பிள்டன் ஜெயிச்சுதாக்கும்?

முருகேசன்: ஆமா! டபுள்ஸ்லதான் ஜெயிச்சுது! 2015, மார்ட்டினா ஹிங்கிஸ்கூட சேந்து

கார்த்தி: பெரிய மாமா அவுட்

செந்தில்: அந்த ஃபைனல் நான் முழிச்சிருந்து பாத்தேன். மூணாவது செட்ல 2-5ன்னு பின்னால கெடந்தாங்க. முடிஞ்சுதுன்னு டிவிய அணைக்கப் போனேன்

முருகேசன்: அதத்தான் சொல்ல வர்றேன், அதுக்குள்ள நீ சொல்லிட்ட. 5-5 ஆனதும் இருட்டிட்டு, மேல கூரைய மூடி லைட்டப் போட்டுத் திரும்ப ஆடுனாங்க. 7-5. எதிர்ல மக்கரோவாவும் வெஸ்னினாவும், லேசுப்பட்ட ஆள்க இல்ல. அதுக்குப் பிறகு அந்த வருச அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன். தொடர்ச்சியா 41 மேட்ச் தோக்கல

கார்த்தி: 41ஆ

முருகேசன்: 41. நம்பர் 1 எடத்துல மொத்தம் 91 வாரம். சானியா பின்னால நின்னு ஃபோர்ஹேண்டுல போட்டுச் சாத்தும். எதிராளி தடுமாறித் திருப்புற பந்த ஹிங்கிஸ் வலைகிட்ட நின்னு அப்படியே பறிச்சுப்போடும். ஒருத்தி எங்க நிக்கான்னு இன்னொருத்தி திரும்பிப் பாக்காமலே தெரிஞ்சிருக்கணும். இதுவா பாதி ஆட்டம்?

சண்முகம்: சரிப்பா. ஆனா அம்மாவுக்கு 80 ஒரு தடவதான் வரும். மேட்ச் அடுத்த வருசமும் வரும்

மல்லிகா: இதே வார்த்தைய நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன்

சண்முகம்: என்ன

மல்லிகா: பத்தாங்கிளாஸ் படிக்கயில எனக்குப் பூப்பந்து மாவட்ட மேட்ச். அன்னைக்கு உங்க நிச்சயதார்த்தம். அடுத்த வருசம் ஆடிக்கலாம்னாரு அப்பா

கார்த்தி: அம்மா நீங்க பூப்பந்து ஆடுனீங்களா??? சொல்லவே இல்ல

மல்லிகா: யாரு கேட்டா

சண்முகம்: அது அப்பா எடுத்த முடிவு மல்லிகா

மல்லிகா: பேட்டப் பரண்ல தூக்கிப் போட்டது அப்பா இல்ல

கவிதா: 🙏

செந்தில்: அக்கா விடுங்க

முருகேசன்: இதுல இன்னொரு விஷயம். 2018 அக்டோபர்ல கொழந்த பெறந்துச்சு. 2020 ஜனவரில ஹோபார்ட்ல திரும்ப எறங்குன முதல் போட்டியிலயே டபுள்ஸ் கப்பு. 2023 ஆஸ்திரேலிய ஓபன்ல நம்ம நாட்டு ஆட்டக்காரர் போபண்ணாகூட கலப்பு இரட்டையர் ஃபைனல் வரைக்கும் போச்சு. தோத்துட்டு, இருந்தாலும் பையன் கண்ணு முன்னால ஃபைனல் ஆடிருக்கு. அடுத்த மாசம் துபாய்ல முதல் ரவுண்டுலயே தோல்வி, அதோட ஓய்வு. மொத்தம் ஆறு கிராண்ட்ஸ்லாம் (விம்பிள்டன் மாதிரி பெரிய போட்டி) பட்டம், மூணு பெண்கள் டபுள்ஸ், மூணு கலப்பு. ஆறுல ஒண்ணுகூட சிங்கிள்ஸ் கெடையாது

கார்த்தி: மாமா புக்கு போடுங்க

தர்ஷினி: முருகேசன் பெரியப்பா சூப்பர் ❤️ என் பார்ட்னர்கிட்ட காட்டிட்டேன்

கவிதா: நீ போன வச்சிட்டுப் படி

மல்லிகா: கவிதா, 18ஆம் தேதி நான் தர்ஷினிகூட மேட்சுக்குப் போறேன். பந்திய ஆம்பளைங்க பாத்துக்கிடட்டும்

செந்தில்: அக்கா நீங்க இல்லாம அம்மா மணையில உக்கார மாட்டாங்க

மல்லிகா: அப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்

கார்த்தி: 🔥🔥

சண்முகம்: வெளையாடாதீங்க. சாயங்காலம் மண்டபம் காலியான்னு கேட்டுப் பாக்கேன். லைட்டுக்குத் தனியாக் கேப்பான்

கவிதா: சாயங்காலம்னா இலையா டிபனா அத்தான்?

மல்லிகா: டிபன்னாலும் 150 தான்

சண்முகம்: மேட்ச் எத்தன மணிக்கு?

முருகேசன்: 2016 ரியோ ஒலிம்பிக்ஸ விட்டுட்டேன். போபண்ணாவும் சானியாவும் வெண்கல மேட்ச் வரைக்கும் போய்த் தோத்து நாலாவது எடம். அதப் பத்தி ராத்திரி தனியாப் போடுறேன்

சண்முகம்: மணி என்னன்னு யாராவது சொல்லுங்கப்பா