மினிமம் பேலன்ஸ் அபராதத்தைத் திரும்ப வாங்கிய நெல்லைக்காரர்கள் அனுபவம்

முக்கூடலிலிருந்து:

மகளிர் உரிமைத்தொகை முதல் மாதம் ஏறியபோது எங்கள் சித்திக்குக் கிடைத்தது 115 ரூபாய். பாஸ்புக்கைப் பதியக் கொடுத்துப் பார்த்தால், ஆயிரம் ரூபாய் வரவு வைத்த அதே தேதியில் 295, 295, 295 என்று வரிசையாக மூன்று பற்று. அபராதம் 250, அதன் மேல் ஜிஎஸ்டி 45. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு மூன்று காலாண்டு நிலுவையாம்.

சித்தி பீடி சுற்றுகிறவர். அந்தக் கணக்கை அவராகப் போய்த் திறக்கவே இல்லை. கூலியை வங்கியில் போடுவதற்காக, பீடிக்கடையில் எல்லாப் பெண்களிடமும் கையெழுத்து வாங்கி மொத்தமாகத் திறந்தது. பிறகு சித்தி வேறு கடைக்கு மாறினார், கூலி வேறு வங்கிக்குப் போயிற்று, இந்தக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகிவிட்டது. ஆதார் மட்டும் இதிலேயே இணைந்து கிடந்ததால் அரசுப் பணம் இங்கே வந்து விழுந்திருக்கிறது.

கவுன்டரில் இருந்த தம்பி, "சிஸ்டமே எடுத்துக்கிடும்மா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். சித்தி விடவில்லை. "எய்யா, இது கவர்மெண்டு எனக்குக் குடுத்த ரூவால்லா, நீங்க எப்படி எடுக்கலாம்?" என்று சத்தமாகவே கேட்டார். அந்தக் கேள்வி சரியான கேள்வி. திட்டம் தொடங்கிய 2023 செப்டம்பரிலேயே இப்படிப் பல ஊர்களில் வங்கிகள் பிடித்ததால், நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, இந்தப் பணத்தை வங்கிகள் வேறு கட்டணத்துக்கு நேர் செய்யக் கூடாது, பிடித்தால் 1100 என்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள் என்று அறிவித்தார். ஆனால் அறிவிப்பைச் சொன்னால் மட்டும் கவுன்டரில் வேலை நடக்காது. வங்கிக்காரரிடம் வங்கி விதியைத்தான் பேச வேண்டும்.

நான் மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டது ஒன்றுதான்: "சார், இருப்பு குறையுதுன்னு எந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்புனீங்க?" ரிசர்வ் வங்கி விதி 2015 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. இருப்பு குறைந்தால் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரியப்படுத்த வேண்டும், சரி செய்ய ஒரு மாதம் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் அபராதம். அவர் கம்ப்யூட்டரில் பார்த்து ஒரு நம்பரை வாசித்தார். அது சித்தியின் நம்பரே இல்லை, பழைய பீடிக்கடைக் கணக்கப்பிள்ளையின் நம்பர். ஃபாரம் நிரப்பியவர் தன் நம்பரையே எல்லோருக்கும் போட்டிருக்கிறார். அதைச் சொன்னதும் மேனேஜர் பேச்சு மாறியது. "எழுதிக் குடுங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதினோம். கணக்கு எண், மூன்று பற்றின் தேதி, தொகை. முன்னறிவிப்பு வரவில்லை, ஆகவே ஜிஎஸ்டியோடு சேர்த்து 885 ரூபாயையும் வரவு வைக்க வேண்டும். கணக்கை, மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்ற வேண்டும். மொபைல் நம்பரை மாற்ற வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு சீல் வாங்கினேன். சீல் வைக்கத்தான் கொஞ்சம் யோசித்தார்கள், அதற்குத்தான் நானும் பிடிவாதமாக நின்றேன். கருணை மனு மாதிரி எழுதாதீர்கள். ஏழை, முடியாதவர் என்றெல்லாம் எழுதினால் அது அவர்கள் மனசைப் பொறுத்ததாகிவிடும். முழுப் பணமும் திரும்ப வந்தது, ஒரே தடவையாக வராமல் இரண்டாகப் பிரிந்து வந்தது.

வள்ளியூரிலிருந்து:

அக்கா சொன்னது மினிமம் பேலன்ஸுக்குச் சரி. எனக்கு நடந்தது வேறு. பைக் கடன் தவணை 5-ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். கம்பெனி அந்த மாதம் சம்பளத்தைப் பிந்திப் போட்டது. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்த ஃபைனான்ஸ் ஒரு கட்டணம். போதாததற்கு அடுத்த வாரம் அவர்கள் மறுபடி போட்டுப் பார்க்க, வங்கி இன்னொரு முறை எடுத்தது. இந்த ரிட்டர்ன் சார்ஜுக்கு ஒரு மாத அவகாச விதியெல்லாம் கிடையாது. அதனால் நான் விதி பேசவில்லை. சம்பளம் பிந்தி வந்ததற்கு ஸ்டேட்மென்ட்டைக் காட்டி, இத்தனை வருஷத்தில் ஒரு தவணையும் திரும்பியதில்லை, ஒரே தவணைக்கு இரண்டு முறை எடுப்பது நியாயமில்லை என்று மட்டும் சொன்னேன். இரண்டாவதைத் திருப்பித் தந்தார்கள், முதலாவதைத் தரவில்லை. அப்புறம் ஃபைனான்ஸில் பேசித் தவணைத் தேதியை 10-க்கு மாற்றிக்கொண்டேன். அதுதான் பெரிய நிம்மதி.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அப்பாவின் பழைய கணக்கு வருஷக்கணக்கில் வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடந்தது. உயிர்ப்பிக்கப் போனால் கட்டணம் கேட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் பக்கமிருந்து பரிவர்த்தனை இல்லாத கணக்கை மறுபடி இயக்கக் கட்டணம் கூடாது, அதில் மினிமம் பேலன்ஸ் அபராதமும் கூடாது, 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு என்று அண்ணன் சொன்னான். கவுன்டரில் இருந்தவர்கள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "கேஒய்சி மட்டும் குடுங்க, போதும்" என்றார்கள், அதாவது அடையாள, முகவரிச் சான்று.

மேலப்பாளையத்திலிருந்து:

என் தம்பி இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே முன் அனுமதி இல்லாமல் கணக்கு மைனஸ் போனால் அன்-அரேஞ்ட் ஓவர்டிராஃப்ட் என்பார்கள். முன்பு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டுக்கொண்டே போவார்கள். 2020 ஏப்ரல் முதல் அந்த ஊர் நிதிக் கட்டுப்பாட்டு ஆணையம் அதைத் தடை செய்துவிட்டது. இப்போது ஆண்டு வட்டி மட்டும்தான், அதுவும் அனுமதி பெற்ற ஓவர்டிராஃப்டுக்கு வாங்குவதைவிடக் கூடுதலாக வாங்க முடியாது. ஆனாலும் வட்டி சாதாரணமாக 40 சதவீதத்தை ஒட்டி வரும். வாடகையும் குழந்தைச் செலவும் சேர்ந்து அவனுக்கு மைனஸ் போனபோது, போன் போட்டுப் பணக் கஷ்டத்தில் இருக்கிறேன், கடன் ஏறிக்கொண்டே போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னான். வரவு செலவைக் கேட்டுக்கொண்டு, வட்டியை நிறுத்தி, சிறுகச் சிறுகக் கட்ட ஏற்பாடு செய்தார்கள். அங்கே எட்டு வாரத்தில் வங்கி பதில் தராவிட்டால் நிதி ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம், இலவசமாகப் போகலாம். கஷ்டத்தை வாய் திறந்து சொன்னால் வங்கி காது கொடுத்தாக வேண்டும் என்று அங்கே இருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிளை மேனேஜருக்குக் கட்டணத்தை ரிவர்சல் செய்ய ஓரளவு அதிகாரம் உண்டு, அதற்கு மேல் வட்டார அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சிஸ்டம் எடுத்தது என்பது பாதி பதில்தான், சிஸ்டத்தில் திருப்பிப் போடவும் வழி இருக்கிறது. மாதத்தின் முதல் வாரம் போகாதீர்கள், பென்ஷன் கூட்டத்தில் யாருக்கும் நின்று கேட்க நேரமிருக்காது. மதியத்துக்கு மேல், பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு, பற்று வரிகளைக் கோடு போட்டு எடுத்துப் போங்கள்.

முக்கூடல் மகளுக்கு ஒன்று. அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸ் போகக் கூடாது என்று நீங்கள் சொன்ன அதே ரிசர்வ் வங்கி விதியில் இருக்கிறது. அதனால்தான் பூஜ்யத்தில் நிறுத்தி, நிலுவையாக வைத்திருந்து, பணம் வந்ததும் எடுக்கிறார்கள். இந்த முறையில் எனக்கு உடன்பாடில்லை, வேலையில் இருந்தபோதும் சொல்லியிருக்கிறேன். பெண்கள் கணக்கில் இப்படி நிலுவை நிற்கிறதா என்று கிளையில் கேட்டு, பணம் வருவதற்கு முன்பே தள்ளுபடிக்கு எழுதிக் கொடுங்கள்.

அடிப்படை சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் கிடையாது, மாதம் நாலு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது, பழையது இருந்தால் மூட வேண்டும். எஸ்பிஐ 2020-லும் கனரா, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி 2025-லும் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கே இந்த அபராதத்தை எடுத்துவிட்டன. மாற முடிந்தவர்கள் மாறிவிடலாம்.

களக்காட்டிலிருந்து:

எழுதிக் கொடுத்து, சீலும் வாங்கி, மாதம் தாண்டிவிட்டது. பதிலே இல்லை. இனி என்ன செய்ய, அண்ணாச்சி?

பாளையங்கோட்டையிலிருந்து:

30 நாள் தாண்டிவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். அவர்களுடைய சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், 14448-க்குப் போன் செய்து வழி கேட்டுக்கொள்ளலாம். சீல் வைத்த பிரதியையும் பாஸ்புக் பக்கத்தையும் போட்டோ எடுத்து ஏற்றுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை கிளைக்குப் போய், நாளை ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பப் போகிறேன் என்று மேனேஜரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அன்றைக்கே ஃபைலை எடுப்பார்கள்.